ஜூஜுவாடி வரைக்கும் வண்டி, அதற்குமேல் நடை

போன மாதம் என் மனைவிக்கு அவள் கம்பெனியில் ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். நிதித்துறையில் இருபத்தைந்து வருஷம், அதில் பாதி நிதித்துறைத் தலைவி நாற்காலியில். சால்வை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள். பிறகு யாருக்கோ ஒரு விபரீத யோசனை தோன்றி, மேடத்தின் கணவர் மூன்று நிமிடம் பேசுவார் என்று மைக்கில் அறிவித்துவிட்டார்கள். நான் அப்போது இரண்டாவது குலாப் ஜாமூனில் இருந்தேன். மேடைக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. “எல்லாருக்கும் வணக்கம். சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு. நன்றி” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். மகள் அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். மொத்தம் பதினொரு விநாடி. அதில் நான்கு விநாடி மைக்கைத் தட்டிப் பார்த்தது.

மீதி இரண்டு நிமிடம் நாற்பத்தொன்பது விநாடியை இங்கே எழுதித் தீர்க்கிறேன். கொஞ்சம் கூடுதலாகப் போனால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் பதட்டத்துக்கென்றே பிறந்தவன். குக்கர் மூன்றாவது விசிலைத் தாமதித்தால் எழுந்து நின்றுவிடுவேன். அவளோ வீடு பற்றிக்கொண்டது என்றால்கூட எந்த அறை என்று கேட்டுவிட்டுத்தான் எழுவாள்.

ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பம் அவளுடையது. கிருஷ்ணகிரியில் பி.காம். முடித்த கையோடு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்கு பஸ் ஏறியவள், மூக்கண்டப்பள்ளியில் ஒரு மாடி அறையில் நான்கு பெண்களோடு ஐந்தாவது ஆளாகச் சேர்ந்தாள். நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்த வார்ப்பட ஆலையில்தான் அவளுக்கும் வேலை கிடைத்தது. அக்கவுண்ட்ஸ் அறையின் கடைசி மேசை. ஃபேன் காற்று வராத இடம்.

எங்கள் முதல் உரையாடல் சிவப்பு மையில் நடந்தது. ஒரு பேரிங் வாங்கி வரச் சொல்லி என்னைப் பெங்களூருக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்து வவுச்சரில் ஆறு டீ என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அது திரும்பி வந்தது. ஓரத்தில் அழகான கையெழுத்தில், ‘மீதி ஐந்து பேர் யார்?’ என்று கேட்டிருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. அவசர அவசரமாக ஐந்து பெயர்களை எழுதிக் கொடுத்தேன். அதில் ஒருவர் அன்று லீவு. இன்னொருவர் ரிட்டயராகி ஆறு மாதம்.

கூப்பிட்டு அனுப்பினாள். எதிரில் போய் நின்றேன். உண்மையைச் சொல்லுங்கள் சார் என்றாள். சொன்னேன். பேரிங் கடைக்காரர் சரக்கு இப்போது வரும், இப்போது வரும் என்று இழுத்தடிக்க, ஷிஃப்ட் முடிவதற்குள் ஊர் போய்ச் சேருவேனா என்ற பயத்தில் நான் ஒருவனே ஆறு டீயும் குடித்திருந்தேன்.

வவுச்சரைக் கையில் எடுத்தாள். “இத மொதல்லயே எழுதியிருக்கலாமே சார். பயத்துக்குக் குடிச்ச டீக்கு நான் பாஸ் பண்ணியிருப்பேன்.”

பாஸ் செய்தாள். நான்தான் அன்றைக்கு ஃபெயில் ஆகிவிட்டேன். ஒரு வருஷம் கழித்து எங்கள் வீட்டிலிருந்து பெண் கேட்டுப் போனோம்.

கல்யாணத்துக்கு அவள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. காஸ்ட் அக்கவுண்டன்ட் பரீட்சைக்குப் படிப்பாள், யாரும் தடுக்கக் கூடாது. எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டேன். மூன்று என்றாள். ஆறு ஆனது. அந்த ஆறு வருஷமும் சமையல் என் பொறுப்பு. ஸ்பேனர் பிடித்த கையில் கரண்டி. என் சாம்பாரைத் தின்றுவிட்டும் ஒருத்தி படித்துத் தேறினாள் என்றால் அவளுடைய உறுதியைப் பற்றி நான் வேறு சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

கடைசிப் பரீட்சையின் ரிசல்ட் வந்த அன்று நான் பயத்தில் மலைக்கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். போன் அடித்தது. திரையில் அவள் பெயர். எடுக்கவில்லை. எடுக்காத வரைக்கும் அவள் ஃபெயில் ஆகவில்லை என்பது என் கணக்கு. இரண்டு மணி நேரத்தில் ஒன்பது தடவை அடித்தது. கடைசியில் அவளே படியேறி வந்து, மூச்சு வாங்க எதிரில் நின்று, பாஸ் ஆன விஷயத்தைச் சொன்னாள். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. இருநூறு படி இருக்கும், சும்மாவா.

அவள் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். காகிதத்தை நம்ப மாட்டாள். மாசக் கடைசியில் ஸ்டோர்ஸ் லிஸ்ட் மேசைக்கு வந்தால் மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், இவள் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஆலை முழுக்க நடப்பாள். எண்ணிய பொருளின் மேல் ஒரு கோடு. வார்ப்பு ஷெட்டில் தெலுங்கு, லாரிக்காரர்களிடம் கன்னடம், ஷிஃப்ட் ஆட்களிடம் தமிழ். விலையைக் கன்னடத்தில் கேட்டு, தெலுங்கில் குறைத்து, தமிழில் முடியாது என்று சொல்லக்கூடியவள். இரண்டு வருஷமாகக் ‘காணவில்லை’ என்று எழுதிவந்த ஒரு ஜாக்கியை அப்படித்தான் ஒருநாள் கண்டுபிடித்தாள். மெயின்டனன்ஸ் ஷெட்டில் என் சாப்பாட்டு பெஞ்சின் உடைந்த காலுக்கு அது முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. எல்லார் முன்னாலும் அதன் மேல் ஒரு கோடு போட்டாள். கொஞ்சம் யோசித்து, என் சட்டையிலும் ஒரு கோடு போட்டாள்.

அப்படிப்பட்டவளை அந்த ஆலையில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் வரைக்கும் ஏற்றினார்கள். அதற்குமேல் ஒரு படி இருந்தது. அந்தப் படியில் இரண்டு தடவை வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். வந்தவர்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். இரண்டாவது தடவை முதலாளி அவளைக் கூப்பிட்டு, நீங்கள் இங்கே இருப்பதே எங்களுக்குப் பெரிய பலம் மேடம் என்றாராம். வீட்டுக்கு வந்து, “பலத்த எல்லாம் கீழயே வெச்சிக்கிறாங்க, கட்டடம் மாதிரி” என்றாள். அவள் கசந்து பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதனால்தான் அந்த இன்டர்வியூ அவ்வளவு பெரிதாக இருந்தது. ஓசூரில் பெரிய ஆலை வைத்திருக்கிற ஒரு கம்பெனி. தலைமை அலுவலகம் கர்நாடக பார்டருக்கு அந்தப் பக்கம், சந்தாபுரத்தைத் தாண்டி. பதவி, நிதித்துறைத் தலைவர். கடைசிச் சுற்றில் இரண்டே பேர், இவளும் ஒரு பெங்களூர்க்காரரும். முடிவெடுக்க வேண்டிய வெளிநாட்டு அதிகாரி அன்று மதியமே விமானம் ஏறுகிறார். பதினோரு மணிக்குள் இவள் அங்கே போகாவிட்டால் நாற்காலி அந்த இன்னொருவருக்கு. நம் பக்கத்தில் அப்படி ஒரு நாற்காலி திரும்பக் காலியாக எத்தனை வருஷம் ஆகுமோ.

எங்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை உண்டு. எண்கள் அவளுடையவை, ரோடும் வண்டியும் என்னுடையவை. என் பாகத்தில் அவள் தலையிட மாட்டாள். அன்றைக்கு மட்டும் தலையிட்டிருக்கலாம்.

முந்தின நாள் சாயங்காலம் டிவியில் கீழே ஒரு வரி ஓடியது. ‘நாளை பந்த்’. தண்ணீர்ப் பிரச்சினை. அவ்வளவுதான் படித்தேன். மீதி வரி ஓடி முடிவதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டேன்.

பார்டரில் குடியிருக்கிறவர்களுக்கு இது பாலபாடம். பந்த் என்றால் நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டும். அவர்கள் பந்த் செய்தால் நம் டி.என். வண்டி அந்தப் பக்கம் போக முடியாது. நாம் செய்தால் அவர்களுடைய கே.ஏ. வண்டி இந்தப் பக்கம் ஓட முடியாது. என்னிடம் இருந்தது டி.என். பைக். நேராக ஓசூரிலேயே பேரிங் கடை வைத்திருக்கிற பாயிடம் போனேன். அவரிடம் பெங்களூரில் வாங்கிய கே.ஏ. ஸ்கூட்டர் ஒன்று உண்டு. என் பைக்கைக் கொடுத்துவிட்டு ஒருநாளைக்கு அதைக் கேட்டேன். எதற்கு என்று பாய் கேட்க வாயெடுத்தார். நான் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் யாராவது மறித்தால் சொல்வதற்குக் கன்னடத்தில் ஒரு வாக்கியமும் தயார் செய்தேன். “அண்ணா, நாவு இல்லியோரே.” நாங்களும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான் என்று அர்த்தம். கண்ணாடி முன்னால் நின்று முப்பது தடவை சொல்லிப் பார்த்தேன்.

காலையில் மகளை எதிர்வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். மூக்கண்டப்பள்ளியில் ஒரு டீக்கடைகூடத் திறந்திருக்கவில்லை. பின்னால் உட்கார்ந்து அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, நம் ஊரிலேயே கடையெல்லாம் மூடியிருக்கிறதே என்றாள். பயத்தில் மூடியிருப்பார்கள் என்றேன். ரோடு என் பாகம் என்பதால் மேலே கேட்கவில்லை.

பார்டரை ஒட்டி, ஜூஜுவாடியில் பந்தல் போட்டிருந்தார்கள். நடுரோட்டில் ஐம்பது அறுபது பேர். பச்சைத் துண்டு போட்ட ஒரு பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர்கள் பிடித்திருந்த தட்டிகள் எல்லாம் தமிழில் இருந்ததை என் கண் பார்த்தது, மூளைக்குச் சொல்லவில்லை. ஒத்திகை பார்த்ததை அப்படியே, நல்ல கணீர்க் குரலில் சொன்னேன்.

“அண்ணா, நாவு இல்லியோரே.”

பந்தலில் மைக் பிடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். பெரியவர் ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூட்டத்திலிருந்து ஒருவர், “இவுரு நம்ம மூக்கண்டப்பள்ளி ஆளாச்சே, எங்க தெருவுக்கு அடுத்த தெரு” என்றார். அப்பாடா என்று நினைத்தேன். ஆனால் அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. நம்ம ஆளாக இருந்துகொண்டு எதற்கு கே.ஏ. வண்டியில் வந்து கன்னடத்தில் பேசுகிறான் என்று கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பந்த் அவர்களுடையது இல்லை. நம்முடையது. என் சொந்த பைக்கில் வந்திருந்தால் கையசைத்து வழியனுப்பியிருப்பார்கள்.

நான் அதை விளக்க முயன்றேன். வாயைத் திறந்தால் மறுபடியும் கன்னடமே வந்தது.

மணி ஒன்பதே முக்கால். அவள் இறங்கினாள். ஆண்டறிக்கையைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். பெரியவர் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணா, எனக்கு ஊத்தங்கரைப் பக்கம். தண்ணி இல்லாம எங்கப்பா மூணு போர் போட்டு மூணும் வறண்டுப்போச்சி. உங்க போராட்டத்துக்கு நான் குறுக்க நிக்கல. பதினோரு மணிக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலைக்கு இன்டர்வியூ. வண்டி வேணாம், நடந்தே போறன். வண்டிய நீங்க வெச்சிக்கோங்க.” என்னை ஒரு பார்வை பார்த்தாள். “இவரையும் வெச்சிக்கோங்க.”

“இவர வெச்சிகினு நாங்க என்னாம்மா பண்றது?”

“ஒரு ஓரமா உக்கார வெய்ங்க. ரொம்பப் பயந்தா மோர் குடுங்க.”

கூட்டம் சிரித்துவிட்டது. பெரியவர் கையை விலக்கினார். வழி விட்டார்கள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நின்றுபோன லாரிகளுக்கு நடுவில், பார்டருக்கு அந்தப் பக்கத்து அத்திப்பள்ளியைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் வருகிறேன் என்று இரண்டடி எடுத்து வைத்தேன். பெரியவர் என் தோளில் கை வைத்து, “நீ எங்க போற? ஒன்ன எங்ககிட்ட ஒப்படைச்சிட்டுப் போயிருக்குது அந்தம்மா” என்றார்.

பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மோர் கொடுத்தார்கள். என் குரல் கணீரென்று இருந்ததைக் கவனித்திருந்த யாரோ கோஷம் போடச் சொன்னார்கள். போட்டேன். உண்மையிலேயே நன்றாகப் போட்டேன், பதட்டம் எல்லாம் தொண்டை வழியாக வெளியே போனது. நடுநடுவே போனை எடுத்து அவளுக்கு மெசேஜ் அனுப்பினேன். ‘பஸ் கிடைச்சுதா’ என்று ஒன்று. ‘தண்ணி குடி’ என்று ஒன்று. ‘இங்கிலீஷ் மறந்துபோனா சிரிச்சி வெய்’ என்று ஒன்று. பதினொன்று பத்துக்கு, ‘இன்னேரம் உள்ள போயிருப்ப, இத படிக்காத’ என்று அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. பன்னிரண்டு மணிக்கு பேரிங் கடை பாய் போன் செய்தார். என் பைக்கில் ஜூஜுவாடி வரைக்கும் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். ஒரு பிரச்சினையும் இல்லையாம், சும்மா ஜிவ்வென்று வந்தாராம். கூட்டத்தில் கோஷம் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஆள் அசப்பில் என்னைப் போலவே இருந்தானாம்.

எலுமிச்சை சாதம் கொடுத்தார்கள். பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தேன். ஆறு வருஷம் படித்தவள், இரண்டு தடவை கடைசிப் படியில் ஏறவிடாமல் நிறுத்தப்பட்டவள். கடைசியில் நான் ஒரு வரியை முழுசாகப் படிக்காததால் நாற்காலி போய்விட்டது என்றால், இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று யோசித்தேன். நான் அழுதுவிடுவேன் என்று நினைத்து இன்னொரு டம்ளர் மோர் கொண்டுவந்தார் பெரியவர். “அந்தம்மா நடையப் பார்த்தியா?” என்றார். “அது வேலை கேக்கப் போற நடை இல்ல. குடுத்தத வாங்கிகினு வரப் போற நடை.” அவரை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

இரண்டரை மணிக்கு ஒரு மெசேஜ் வந்தது. ‘வரேன்.’ அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை நான் நாற்பது விதமாகப் படித்தேன். சந்தோஷ ‘வரேன்’ என்றால் இவ்வளவு சின்னதாக இருக்குமா? துக்க ‘வரேன்’ என்றால் அனுப்பவே மாட்டாளே? பக்கத்து நாற்காலிக்காரரிடம் காட்டினேன். அவர் இன்னொருவரிடம் காட்டினார். பந்தலே இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

மூன்றரைக்கு லாரிகளுக்கு நடுவிலிருந்து வெளிப்பட்டாள். முகத்தில் வெயில் தவிர ஒன்றும் தெரியவில்லை. பந்தலுக்கு வந்து முதலில் மோர் வாங்கிக் குடித்தாள். பிறகு சொன்னாள்.

அத்திப்பள்ளி வரைக்கும் நடக்க நடக்க, ரோட்டோரம் மறித்துப் போட்டிருந்த லாரிகளைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். மூன்று லாரியின் தார்ப்பாய்க்கு வெளியே தெரிந்த பெட்டிகளில் அவள் போகிற கம்பெனியின் முத்திரை. சும்மா போவாளா? நின்று டிரைவர்களிடம் விசாரித்திருக்கிறாள். ஓசூர் ஆலைக்குப் போக வேண்டிய பாகங்கள், பந்துக்குப் பயந்து நேற்று சாயங்காலத்திலிருந்தே நிற்கின்றன, ஆலையில் நாளை மதியம் வரைக்கும்தான் சரக்கு இருக்கிறது என்றார்களாம். பெட்டிகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் பஸ் ஏறியிருக்கிறாள். போய்ச் சேரும்போது பதினொன்று இருபது. பெங்களூர்க்காரர் பேசி முடித்துவிட்டு காபி குடித்துக்கொண்டிருந்தாராம். உள்ளே இருந்த நான்கு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஏன் தாமதம் என்று கேட்டிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் இவள் ஒரு விஷயம் சொன்னாளாம். உங்கள் மூன்று லாரி பார்டரில் நிற்கிறது, நாளை மதியத்துக்குமேல் ஓசூரில் உங்கள் உற்பத்தி லைன் ஓடாது.

அவர்களுக்கு அது தெரியாது. ஸ்டோர்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். உண்மை. அப்படியானால் என்ன செய்யலாம் என்று அந்த வெளிநாட்டுக்காரர் கேட்க, இவள் எழுந்து போய் பலகையில் எழுதியிருக்கிறாள். ஓசூர்ப் பக்கம் ஒரு சின்ன குடோன், எப்போதும் மூன்று நாள் சரக்கு, அதற்கு ஆகும் வாடகை எவ்வளவு, ஒருநாள் லைன் நின்றால் நஷ்டம் எவ்வளவு. அவர் விமானத்துக்குக் கிளம்புகிற நேரம் வரைக்கும் அதையே பேசிக்கொண்டிருந்தார்களாம். கடைசியில் எழுந்து கை கொடுத்தார்களாம்.

“ஒண்ணாந்தேதி சேரச் சொல்லிட்டாங்க” என்றாள்.

பந்தலில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். பெரியவர் தன் பச்சைத் துண்டை எடுத்து அவள் தோளில் போட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சம்பளம் பேசினார்களா என்று கேட்டேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒரு தொகை முடிவு செய்திருந்தோம். அதுவே ஜாஸ்தி, கொஞ்சம் குறைத்துக் கேள் என்று நான் பயமுறுத்தி அனுப்பியிருந்தேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என்னைப் பந்தலுக்கு வெளியே ரோட்டுக்கு இழுத்துப் போய், காதருகே வந்து அவர்கள் ஒப்புக்கொண்ட எண்ணைச் சொன்னாள்.

நாங்கள் முடிவு செய்திருந்த தொகை அதற்குப் பக்கத்தில்கூட வராது. நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சாலை மறியல் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து, பந்தலில் இருந்த அத்தனை பேரும் ஓடி வந்து எனக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள்.